உப்பு சரியா இருக்கு

மில் கேன்டீனில் அவருக்கு உப்பு மாஸ்டர் என்று பெயர். வைத்தவர்கள் அங்கே சாப்பிட வருகிற தறிக்காரர்கள். அவர்கள் லேசில் யாரையும் பாராட்டுகிற ஜாதி இல்லை. சோறு கொஞ்சம் குழைந்தால் தட்டைத் திருப்பி நீட்டிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர்களே வாய்விட்டு ஒப்புக்கொண்ட கை அது.

அவர் பாணி தனி. அண்டா கொதித்து எல்லாம் வெந்த பிறகு, கடைசியில்தான் உப்பு போடுவார். போடுவதற்கு முன்னால் ஒரு சொட்டு எடுத்து இடது புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கரண்டியை நேராக வாயில் வைத்தால் அதன் சூடும் இரும்பு வாடையும் சேர்ந்து நாக்கை ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. பிறகு உப்பு. பிறகு இரண்டாவது சொட்டு. அதற்குத் தலையை ஆட்டி, "உப்பு சரியா இருக்கு, இறக்கு" என்று சொன்னால்தான் அண்டா அடுப்பை விட்டு இறங்கும். அதே கேன்டீனில் தட்டு கழுவ வந்து, காய் நறுக்கி, அடுப்படிக்கு உயர்ந்த மனிதர். படிப்பு கிடையாது, வீடு வாசல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்த சொத்து அந்த நாக்கு ஒன்றுதான்.

கேன்டீனுக்குச் சொத்தாக இருந்தது வீட்டில் பிடுங்கலாக இருந்தது. அக்கம்பக்கத்தார் அவர் மனைவியை மாஸ்டரம்மா என்பார்கள். அந்த மரியாதைக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். உலை வைத்து, வெந்து, வியர்த்து, தட்டில் போட்டுவிட்டு நிற்பாள். "உப்பு அரைக்கல்லு கம்மி" என்பார். மறுநாள் "அடி பிடிச்சிருக்கு." அதற்கு மறுநாள் "எண்ணெய் பழசு." சொன்னது ஒவ்வொன்றும் நிஜம்தான், அதுதான் இன்னும் எரிச்சல். குறை ஒன்றும் அகப்படாத நாளில் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். "உங்கப்பா வாயைத் திறக்காம சாப்பிட்டா நல்லாருக்குன்னு அர்த்தம்டி" என்று மகளுக்கு அவள் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். கல்யாணமாகிப் போன மகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவுக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை.

இப்படி இருந்தவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த காய்ச்சல்தான், படுத்து எழுந்துவிட்டார். எழுந்ததும் டீ குடித்தார். வெந்நீர் மாதிரி இருந்தது. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். உடம்பு தேறியது, வாய் தேறவில்லை. பச்சைப் பூண்டைக் கடித்தார், நாக்கு எரிந்ததே ஒழிய பூண்டு தெரியவில்லை. ஒரு கல் உப்பை வாயில் போட்டுக்கொண்டார். மணலைப் போட்டுக்கொண்டது போலக் கரைந்து போனது. கேன்டீனின் பின்பக்கம் குப்பை டிரம் இருக்கும், அதன் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். அதன் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம். வாசனையுள்ளதையெல்லாம் மோந்து பாத்துக்கிட்டே இருங்க" என்று அனுப்பிவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? உப்பு மாஸ்டரிடமிருந்து உப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? முட்டி வலிக்காரர் ஒருவர், அவ்வளவுதான். அந்த வேலைக்கு வாசலில் ஆள் நிற்கிறது.

ஆகவே நடிக்க ஆரம்பித்தார். அதே அண்டா, அதே அளவு என்பதால் கைப்பழக்கத்தில் உப்பு விழுந்தது. முதல் சொட்டுக்கு இப்போது அர்த்தம் இல்லை என்பதால் அதை மெல்ல விட்டுவிட்டார். இரண்டாவது சொட்டை மட்டும் விடவில்லை. எல்லாரும் பார்க்கும்படி புறங்கையில் விட்டு, நக்கி, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "உப்பு சரியா இருக்கு." பிறகு ஓடிப்போய்ப் பரிமாறுகிற ஜன்னல் வழியாக முதல் பந்தியின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது புருவத்தைச் சுருக்கினால் அவர் தட்டு காலியாகும்வரை அங்கிருந்து நகரமாட்டார். சந்தேகம் வந்த நாட்களில் காய் நறுக்குகிற, வெங்காயக்கா என்று பெயர் வாங்கிய பெண்ணைக் கூப்பிட்டு, "ஒரு வாய் பாருக்கா, எனக்குச் சளி" என்பார். "மாசக்கணக்கா என்ன மாஸ்டர் சளி?" என்று அந்த அக்கா கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு நாள் காலை அடுப்படிக்குள் நுழைந்த வெங்காயக்கா வீலென்று கத்திக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தது. கேஸ் திருகு பாதி திறந்து கிடந்திருக்கிறது. மாஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பருப்பு புடைத்துக்கொண்டிருக்கிறார், கையில் தீப்பெட்டி வேறு. "மூக்கு இருக்கா இல்லையா மாஸ்டர்?" என்று அது கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நடுங்கினார்.

வீட்டில் இன்னொரு சங்கடம். குறை சொல்ல நாக்கு வேண்டுமே? சும்மா இருந்தால் இவள் மோப்பம் பிடித்துவிடுவாளோ என்ற பயத்தில், ஒரு நாள் முதல் வாய் சாப்பிட்டதும் "நல்லாருக்கு" என்று சொல்லிவைத்தார். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். "என்ன சொன்னீங்க?" "நல்லாருக்குன்னு சொன்னேன்." அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. செலவில்லாத பொய், மூன்று வேளையும் சொன்னார். அவள் பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுவென்று பாட ஆரம்பித்ததையும், ஒரு பதார்த்தத்துக்கு இரண்டாகச் செய்ததையும் பார்த்தார். நல்லவேளை, சந்தேகப்படவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டார். ஆம்பளைப் புத்தி அவ்வளவுதான் எட்டியது.

அந்தச் சமயத்தில்தான் லாரியில் மூட்டை ஏற்றுகிற ஆள் ஒருவன் பழைய புனித நகரத்துக்குப் போய்விட்டு வந்து கேன்டீனில் அளந்தான். "அந்த ஊர்ல கால் வச்சதும் மூக்கு தானா தொறந்துக்கும் மாஸ்டர். ஒரு பக்கம் சாம்பிராணிப் புகை, ஒரு பக்கம் அத்தர் கடை, ஒரு பக்கம் தீனிக்கடைத் தெரு. பொணமே எழுந்து உக்காந்து ஒரு தட்டு கேக்கும்."

மாஸ்டருக்கு அது அசரீரி போலக் கேட்டது. உலகத்திலேயே வாசனை அதிகமான இடம் அது. அங்கே வராவிட்டால் இனி எங்கேயும் வராது. அப்படித் தமக்குத் தாமே ஒரு கெடு வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாள் அந்த ஊருக்குப் போயிட்டு வரலாமா?" என்று வீட்டில் கேட்டார். கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டுக் கேட்டுக் கைவிட்ட ஊர் அது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டாள். வழிக்கென்று ரொட்டி சுட்டு, எலுமிச்சை ஊறுகாயோடு டப்பாவில் அடைத்துக்கொண்டாள்.

நகரம் நிஜமாகவே பழையது. மதில் கற்களின் இடுக்கில் மரமே முளைத்திருந்தது. பிரார்த்தனைக் கூடத்தின் படிகள் கோடிக்கணக்கான கால்கள் பட்டு நடுவில் குழிந்து கிடந்தன. சிவப்புக் குடை பிடித்த வழிகாட்டி எந்த அரசன் எந்தச் சுவரைக் கட்டினான், எவன் இடித்தான் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டே போனார். மாஸ்டரம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முன்வரிசையில் நின்று கேட்டாள். "ஏங்க, இங்க பாருங்களேன், ஏங்க, அங்க பாருங்களேன்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் எதையும் பார்க்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டே நடந்தார்.

கூடத்துக்குள் சாம்பிராணிப் புகை திரையாகத் தொங்கியது. எல்லாரும் கண்ணை மூடி நின்றார்கள். அவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு தூபக்கால் பக்கம் போய் முகத்தை நீட்டினார். கண் எரிந்தது. மூக்கு சுவர் மாதிரி இருந்தது. சாமியிடம் இதுவரை பெரிதாக எதுவும் கேட்டதில்லை அவர். அன்றைக்குக் கேட்டார். முழுசா வேண்டாம், ஒரு சொட்டு தெரிஞ்சா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன் என்று கேட்டார். வெளியே வந்தபோது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "புகைங்க, எனக்கும்தான் எரியுது" என்று அவள் முந்தானையை நீட்டினாள்.

அத்தர் கடைக்காரன் இரண்டு பேர் மணிக்கட்டிலும் தடவிவிட்டான். "யப்பா, தூக்குது!" என்றாள் அவள். "ஆமா, தூக்குது" என்றார் அவர்.

பிறகு தீனிக்கடைத் தெரு. அங்கே அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பக்கத்தில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கடையில் பொரித்தது, அடுத்த கடையில் சுட்டது, அதற்கடுத்து பாகில் ஊறினது, உடனே காரம், மறுபடி புளிப்பு. வாயில் போடுவார், நிற்பார், எதையோ காது கொடுத்துக் கேட்கிறவர் மாதிரித் தலையைச் சாய்ப்பார், அடுத்த கடைக்கு நடப்பார். மொறுமொறு தெரிந்தது, சூடும் எரிச்சலும் தெரிந்தது, வழவழ தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தின்பது இனிப்பா புளிப்பா என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். "வயிறு என்னத்துக்காகும்? போதும்ங்க" என்று அவள் கெஞ்சினாள். ஆனால் அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். பேச்சுவாக்கில், "காய்ச்சல்ல படுத்து எழுந்ததுலேர்ந்து நீங்க வேற மனுஷன் ஆயிட்டீங்க" என்றாள். அவர் காதில் அது விழுந்தது, மனதில் விழவில்லை.

மறுநாள் ஊருக்குக் கிளம்பவேண்டிய நாள். பஸ்ஸுக்கு முன்னால் கடைசியாக ஒரு தெரு மிச்சமிருந்தது. அங்கே ஒரு சூப்புக் கடை. வாசலிலேயே அடுப்பு, அதன்மேல் கேன்டீன் அண்டாவுக்கு அண்ணன் மாதிரி ஓர் அண்டா. பக்கத்தில் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த பானையிலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார் கடைக்காரர். மாஸ்டர் பழக்கதோஷத்தில் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கினார். நாக்கு பிணம் மாதிரிக் கிடந்தது.

கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். "அண்ணே, நீங்க நம்ம தொழிலா? எனக்குக் கத்துக் குடுத்தவரும் இப்படித்தான் புறங்கையில விட்டுப் பாப்பாரு. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"மில் கேன்டீன். இவரை உப்பு மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க" என்று மாஸ்டரம்மா முந்திக்கொண்டு சொன்னாள். அவ்வளவு பெருமை அவள் குரலில்.

"அப்படிப் போடுங்க! வாங்கண்ணே, புது அண்டா எறங்கப் போகுது. உங்க வாயால ஒரு சொட்டு பாத்துச் சொல்லுங்க."

கிண்ணத்தோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு எத்தனை நாளைக்குப் பிறகோ நெஞ்சு நிமிர்ந்தது. அண்டா முன்னால் போய் நின்றார். கரண்டியை வாங்கினார். ஒரு சொட்டு, புறங்கை, நாக்கு. கண்ணை மூடினார். மாசக்கணக்காக ஆடிப் பழகிய ஆட்டம் தானாக வந்தது. தலையை ஆட்டினார்.

"உப்பு சரியா இருக்கு. எறக்கிடுங்க."

கடைக்காரர் ஒரு கணம் விழித்தார். அடுப்பின் பக்கத்தில் மூடி திறக்காத உப்பு ஜாடியைப் பார்த்தார். அப்புறம் வெடிச்சிரிப்பு சிரித்தார். "அண்ணே! இன்னும் உப்பே போடலயே! எவ்வளவு போடணும்னுதான் உங்களைக் கேட்டேன். ஆளை நல்லா ஓட்டுறீங்க!" காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். தொழில் தெரிந்தவர் செய்த கேலி என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில்தான் உப்பு என்பது மாஸ்டருடைய சொந்தச் சட்டம். முதல் சொட்டு என்று ஒன்று இருந்ததையே அவர் மறந்து போயிருந்தார்.

மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி, ஒரு வாய் பார்த்தாள். சப்பென்று இருந்தது. கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

விடுதி அறைக்குத் திரும்பினார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே யார் வீட்டுத் துணிகளோ காய்ந்தன. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

மழுப்பிப் பார்த்தார். அவள் அசையவில்லை.

"காய்ச்சல்லேர்ந்து" என்றார். சொன்னதும் அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்தது. குப்பை டிரம், டாக்டர், ஜன்னலில் நின்று முகம் பார்ப்பது, கேஸ் திருகு, இந்த ஊர்மேல் வைத்த கெடு. "எல்லாம் போச்சும்மா. இங்கயும் வரல. நான் என்ன பண்ணுவேன்? நாளைக்கு அந்த அடுப்படிக்குள்ள நான் யாருன்னு போய் நிப்பேன்?" என்று நாற்காலியில் குலுங்கினார். ஆறுதலாக ஒரு கை வரும் என்று எதிர்பார்த்தார்.

கை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம்?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாத்திரம் கழுவும்போது வந்த பாட்டு. ஒன்றுக்கு இரண்டு பதார்த்தம். வேற மனுஷன் ஆயிட்டீங்க.

"மகள்கிட்ட சொன்னேன்" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "உங்கப்பா மூணு வேளையும் என் சமையலை மெச்சுறாருடின்னு. நம்பமாட்டேன்னா. போனைக் காதுக்குப் பக்கத்துல வச்சு, நீங்க சாப்பிடும்போது கேக்க வச்சேன். அவளும் அழுதா, நானும் அழுதேன். சாகப் பொழைச்சு எழுந்தப்புறம்தான் நான் உங்க கண்ணுல பட்டேன்னு நெனச்சேன்."

"இல்ல, நான்..."

"நாக்கு செத்தப்புறம்தான் என் சமையல் நல்லாருந்துச்சு, இல்ல?"

அவர் ஜன்னலுக்கு வெளியே காய்கிற துணிகளைப் பார்த்தார்.

"சரி, போகட்டும். முன்னாடி. நாக்கு நல்லா இருந்த காலத்துல. ஒரு நாளாவது நல்லாருந்துதா? நெஜத்தைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மாஸ்டர் தேடினார். நாக்கு போனபின் அவருக்கு மிச்சமிருந்தது ஞாபகம் ஒன்றுதான், அதற்குள் இறங்கி உயிரைக் கொடுத்துத் தேடினார். மகள் பிறந்த வருஷம் பருப்பு அடி பிடித்தது அகப்பட்டது. பால் திரிந்தது அகப்பட்டது. அரைக்கல் உப்பு கம்மியான நாட்கள் வரிசையாக வந்து நின்றன, எந்த நாள், எந்தத் தட்டு என்பது உட்பட. நன்றாக இருந்த நாட்கள்தான் அதிகம், பேசாமல் சாப்பிட்ட நாட்கள்தான் அதிகம், அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களின் ருசி ஒன்றுகூட உள்ளே இல்லை. அவர் அதைக் கவனித்து எடுத்து வைக்கவில்லை. இனி எடுத்து வைக்கவும் முடியாது.

"இருந்துது" என்றார். "நெறைய நாள் இருந்துது. ஆனா எப்படி இருந்துதுன்னு கேட்டா... ஞாபகத்துல ஒண்ணும் இல்லம்மா. வச்சுக்கல."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மதில் பின்னால் போயிற்று. வழிகாட்டி எல்லாருக்கும் கைகாட்டினார், அவளும் காட்டினாள். ஊர் தாண்டி வெகுதூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நாளைக்குக் காலைல மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. கேஸ் விவகாரம். அங்க அத்தனை பேரு இருக்காங்க."

"வேலை போயிடும்."

"போகட்டும். நீங்க சொல்லலன்னா நான் வந்து சொல்வேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அந்தக் குளியலறையில் நடுங்கிய அன்றைக்கே தெரியும். அதற்கப்புறம் என்ன என்பதுதான் தெரியவில்லை. பஸ்ஸில் வறுத்தது பொரித்தது என்று ஆளாளுக்குப் பொட்டலம் பிரித்தார்கள். அவருக்கு எல்லாம் ஒரே காற்று.

அவள் மடியில் டப்பாவைத் திறந்தாள். போகும்போது திறக்கவே தேவைப்படாத ரொட்டி. ஒன்றை எடுத்து ஊறுகாய் தடவிச் சுருட்டி அவரிடம் கொடுத்தாள். கோபத்திலும் கை அதைச் செய்துவிட்டது. அவர் ஒரு வாய் கடித்தார். மெத்தென்று ஏதோ இருந்தது. பழகின வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. சொன்னால் பொய், சொல்லாவிட்டால் பழைய காலம். வாயில் ரொட்டியோடு தவித்தார்.

"சொல்லாதீங்க" என்றாள் அவள்.

அவள் ஊறுகாயின் சாற்றில் விரலைத் தொட்டு, ஒரு சொட்டைத் தன் இடது புறங்கையில் வைத்தாள். அவர் வைப்பது போலவே. நக்கினாள். அவசரப்படவில்லை. ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டுத் தனியாக மென்றாள், பிறகு இரண்டையும் சேர்த்து மென்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தான் சமைத்ததைத் தானே ருசி பார்த்து ஒரு முடிவு சொல்லி அவர் கேட்டதில்லை. அவர் சொல்வதற்குக் காத்துக்கொண்டு நிற்பாள், அவர் எழுந்து போன பிறகு ஆறினதைச் சாப்பிடுவாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மாஸ்டர். அவருக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது.

"உப்பு சரியா இருக்கு" என்றாள். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கேன். எப்பவும் நல்லாத்தான் செஞ்சிருக்கேன் போல."

ஒரு வாய் கடித்தது போக மிச்சம் அவர் கையில் அப்படியே இருந்தது. அவள் டப்பாவைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.